சாயங்கால எடை

மருதமலை முருகன் மேல் ஆணை, என்னைப் பெற்றவள் மேல் ஆணை, உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி வைத்தாலும் அது அணைகிறவரைக்கும் இதையேதான் சொல்வேன்: இனி நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் என் வலது கண் அவிந்து போகட்டும். அது ஏற்கெனவே புரை விழுந்து பாதி அவிந்துதான் கிடக்கிறது என்பது வேறு விஷயம். மீதிப் பாதியைப் பணயம் வைக்கிறேன், போதாதா உங்களுக்கு?

சரவணம்பட்டிக்கு இந்தப் பக்கம், இப்போது கண்ணாடிக் கட்டடங்களாக நிற்கிற இடமெல்லாம் சோளக்காடாகக் கிடந்த காலத்தில், தண்ணீர் இறைக்கிற மோட்டார் செய்கிற கம்பெனி ஒன்று அங்கே இருந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன். பதினேழு வருஷம் அதன் வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்து தின்ற சோறு இன்னும் உடம்பில் இருக்கிறது. மோட்டாருக்கு உயிர் செம்புக் கம்பி. செம்புக்கு வெளியே நல்ல விலை. அதனால் அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மாதம் முதல் தேதி காலையில் ஒவ்வொரு ஆளையும் எடை மிஷினில் ஏற்றி, எத்தனை கிலோ என்று அவரவர் அட்டையில் எழுதிவிட வேண்டும். அதன்பிறகு தினம் சாயங்காலம் ஐந்தரைக்குச் சங்கு ஊதியதும் எல்லோரும் வரிசையில் வந்து என் முன்னால் அதே மிஷினில் ஏறி, முள் எங்கே நிற்கிறது என்று காட்டிவிட்டுத்தான் வாசலைத் தாண்ட வேண்டும். சோற்றுக்கும் தண்ணீருக்குமாக அரைக் கிலோ மன்னிப்பு. அதற்கு மேல் போனால் பெண்களை மறைப்புக்குப் பின்னால் பாப்பாத்தி அக்கா சோதனை போடுவாள். ஆண்களை நான் தடவிப் பார்ப்பேன். நூற்று நாற்பது பேருக்கும் அட்டை உண்டு. வாட்ச்மேனுக்கு மட்டும் கிடையாது. தராசு பிடிக்கிறவனை யார் தராசில் ஏற்றுவார்கள்?

துளசிமணி வைண்டிங் செக்‌ஷனில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிறவள். கல்யாணமாகி ஆறாவது மாதமே பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்து, காது கேட்காத அம்மாவோடு இருந்தாள். நாற்பத்தொன்பது கிலோ. பதினொரு வருஷத்தில் கால் கிலோ ஏறியதில்லை, இறங்கியதில்லை. மிஷினில் ஏறும்போது செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, "பார்த்துக்குங்கண்ணா" என்பாள். அவ்வளவுதான், ஒரு நாளைக்கு ஒரு தடவை, வருஷத்துக்கு முந்நூறு தடவை. எனக்கு அப்போது நாற்பத்தொன்று, கல்யாணம் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று கேட்காதீர்கள், கதை வேறு பக்கம் போய்விடும்.

ஒரு ஜூன் மாதம் மூன்றாம் தேதி பகல் பதினொரு மணிக்கு, தகடு வெட்டுகிற பிரஸ் மிஷின் நாச்சிமுத்துவின் வலது கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. நாச்சிமுத்து தாராபுரத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தான், அதிகம் பேசாதவன், துளசிமணிக்கு மட்டும் மத்தியானச் சாப்பாட்டில் ஊறுகாய் கொடுக்கிறவன். அவனை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய கையோடு பிளாண்ட் மேனேஜர் சுகுமாரன் துளசிமணியைக் கூப்பிட்டார். கம்பெனியிலேயே கையெழுத்து அழகாக இருப்பது அவளுக்குத்தான். சரஸ்வதி பூஜைக்கு போர்டு எழுதுவதிலிருந்து விபத்துப் பதிவேடு வரைக்கும் அவளைத்தான் எழுதச் சொல்வார்கள். எழுதினாள். என்ன எழுதினாள் என்று அப்போது எனக்குத் தெரியாது. அன்றைக்குச் சாயங்காலம் செருப்பைக் கழற்றி ஜோடி சேர்க்காமல் அப்படியே விட்டுவிட்டு மிஷினில் ஏறினாள். முள் ஐம்பத்து மூன்றில் போய் நின்றது.

பாப்பாத்தி அக்கா சோதனை போட்டாள். கொண்டையை அவிழ்த்தாள், சோற்றுப் போசியைத் தட்டிப் பார்த்தாள், புடவை மடிப்பை ஒவ்வொன்றாக உதறினாள். ஒரு இணுக்குச் செம்பு இல்லை. மறைப்புக்கு வெளியே தலையை நீட்டி, "ரங்கா, உன்ற மிஷினுக்குத்தான் பைத்தியம் புடிச்சிருக்குது" என்றாள். அடுத்து அவளே ஏறிப் பார்த்தாள். அவளும் இரண்டு கிலோ கூட இருந்தாள். அதன்பின் பிரஸ் ஷாப் வரிசை வந்தது, ஒன்றரை, இரண்டே கால், ஒன்றே முக்கால். அன்றைக்குச் சோதனை முடிந்து கடைசி ஆள் வெளியே போக ஏழரை மணி ஆகிவிட்டது. அதுவரைக்கும் இல்லாதது அன்றைக்கு ஏன் வந்தது என்று என்னைக் கேட்டுப் பயனில்லை. மழை ஏன் செவ்வாய்க்கிழமை பெய்தது என்று மழைக்குத் தெரியுமா?

அடுத்த நாள் முத்திரை ஆய்வாளரை வரவழைத்தார்கள். அவர் அரசாங்க எடைக்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கிவிட்டு, மிஷின் சுத்தம், ஒரு தோலா பிசகில்லை என்று எழுதிக் கொடுத்தார். போகிற போக்கில் தானும் ஏறிப் பார்த்தார், முகம் சுருங்கிவிட்டது, அவருக்கும் மேலே ஒரு அதிகாரி இருப்பார் போலிருக்கிறது, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். மேனேஜர் மத்தியானச் சோற்றைக் குறைக்கச் சொன்னார். தண்ணீர்ப் பானையைப் பூட்டச் சொன்னார். பட்டினி கிடந்த அன்றைக்குத்தான் எல்லோருக்கும் எடை இன்னும் கூடியது. சுகுமாரன் ஒருத்தர் மட்டும் காலையில் எண்பதாக உள்ளே வந்து சாயங்காலம் எழுபத்தெட்டாக வெளியே போனார். வாயில் வந்ததையெல்லாம் நாள் முழுக்க இறக்கி வைத்துவிட்டுப் போகிற மனிதருக்கு உடம்பு இலேசாக இருப்பதில் என்ன ஆச்சரியம்?

என்ன நடக்கிறது என்பதைக் கண்டுபிடித்தவள் பாப்பாத்தி அக்காதான், அதுவும் தற்செயலாக. ஒருநாள் சாயங்காலம் ஒன்றே முக்கால் கிலோ கூடுதலோடு மிஷினில் நின்றுகொண்டிருந்தவள், காலையில் சூப்பர்வைசர் தன்னை எல்லோர் முன்னாலும் "கெழட்டு மூதி" என்றதற்குச் சொல்லாமல் விட்ட பதிலை, அவனுடைய பாட்டன் காலத்திலிருந்து தொடங்கி வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். அதை இங்கே எழுத முடியாது. அவள் சொல்லச் சொல்ல முள் இறங்கியது. முடித்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது அட்டையில் எழுதியிருந்த எடைக்கு வந்து சேர்ந்திருந்தது, இன்னும் சொன்னால் ஐம்பது கிராம் குறைவாக.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. சங்கு ஊதியதும் வரிசையில் வருவார்கள், மிஷினில் ஏறுவார்கள், அன்றைக்கு முழுங்கியதை என்னிடம் சொல்வார்கள், முள் இறங்கும், போவார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டு கேட்பேன், பதில் சொல்ல மாட்டேன், அது என் வேலை இல்லை. பத்து நாளைக்குள் எந்தப் பேச்சு எத்தனை எடை என்று எனக்கு அத்துப்படியாகிவிட்டது. காய்ச்சலடிக்கிறது, அரை நாள் லீவு வேண்டும் என்று கேட்காமல் விட்டது இருநூறு கிராம். இவ்வளவு நேரத்துக்குள் இத்தனை முடியாதுங்க என்று சொல்லாமல் விட்டது அரைக் கிலோ. புரியவில்லை, இன்னொரு தடவை காட்டுங்கள் என்று கேட்கப் பயந்த புது ஆளின் கேள்வி ஒரு கிலோவுக்குக் குறையாது. கேட்டுவிட்ட கேள்விக்கு எடையே இல்லை, கேட்காதது அப்படிக் கனக்கும். அடக்கிய சிரிப்பு பத்தே கிராம்தான், ஆனால் அது உள்ளே அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருக்கும், முள் நிற்காமல் நடுங்கும், அந்த மாதிரி ஆளிடம், "மொதல்ல சிரிச்சுப்போட்டு வா சாமி" என்று மறைப்புக்குப் பின்னால் அனுப்பிவிடுவேன்.

ஊரும் இதற்குத் தகுந்தமாதிரித் தன்னை நகர்த்தி வைத்துக்கொண்டது. ஐந்தே முக்காலுக்குப் புறப்பட்ட டவுன் பஸ் ஆறே காலுக்குப் புறப்பட ஆரம்பித்தது. வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரர் வரிசையில் நிற்கிறவர்களுக்காக இரண்டு பெஞ்சு கூடப் போட்டார். மெடிக்கல்காரர் வயிற்றெரிச்சல் மாத்திரை விற்பனை பாதியாகிவிட்டது என்று என்னிடம் வந்து வருத்தப்பட்டார். வீடுகளில் பாத்திரம் விழுகிற சத்தம் குறைந்துவிட்டது, பிள்ளைகள் காரணமில்லாமல் அடி வாங்குவது நின்றுபோனது, ஒரு புருஷன்காரன் என்னைத் தேடிவந்து, என் பெண்டாட்டி ஏன் ஒரு வாரமாகச் சண்டை போடவில்லை, உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தான். அதுவரைக்கும் அவர்கள் இந்தச் சுமையையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், பாங்கி குமாஸ்தா ஒருவர், அப்புறம் மப்டியில் வந்த போலீஸ்காரர் ஒருவர், வழியில் போகிற மாதிரி வந்து, கொஞ்சம் எடை பார்த்துக்கலாமுங்களா என்று கேட்பார்கள். போலீஸ்காரர் ஏறும்போது மிஷின் பலகை கிறீச்சிட்டது.

கதையை வளர்க்கிறேன் என்று நினைக்காதீர்கள், இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது துளசிமணி மட்டும் ஏறிக்கொண்டே இருந்தாள். ஐம்பத்து மூன்று ஐம்பத்தைந்தாயிற்று, ஐம்பத்தேழாயிற்று. உடம்போ முன்னைவிட வற்றிக்கொண்டு வந்தது. வைண்டிங் செக்‌ஷனில் அவள் உட்கார்ந்த ஸ்டூலின் கால் மடிந்தது. மழை பெய்த ஒருநாள் முற்றத்துச் சேற்றில் அவள் நடந்த தடம் மட்டும் கணுக்கால் ஆழத்துக்குப் பதிந்து, மறுநாள் தண்ணீர் தேங்கி, சிட்டுக்குருவிகள் அதில் குளித்தன. மிஷினில் நின்று அவளும் எதையாவது சொல்லிப் பார்ப்பாள், கம்பி அறுந்ததற்குத் திட்டு வாங்கியது, டீ ஆறிப்போயிருந்தது என்று. ஐம்பது நூறு கிராம் இறங்கும், அடுத்த நாள் இருநூறு ஏறும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், என் வேலை இல்லை என்று தெரிந்தும், வாயைத் திறந்துவிட்டேன்.

"எதாச்சும் பெருசா உள்ளார இருக்குது அம்மிணி. சொல்லிப்போடு."

"சொல்ல வேண்டிய ஆளு இங்க இல்லீங்கண்ணா" என்றாள்.

நாச்சிமுத்து ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஊருக்குப் போய்விட்டிருந்தான். அந்தப் பக்கத்திலிருந்து தேங்காய் லாரியில் வருகிற ஒருவன் அவனைப் பற்றிச் சொன்னதை டீக்கடையில் நானும் கேட்டேன், துளசிமணியும் கேட்டாள். கையைத் துண்டுக்குள்ளேயே வைத்திருக்கிறானாம். ஆட்டை அவிழ்க்கக்கூடப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, கயிறு சரியாக இருக்கிறதா பார் என்கிறானாம். எப்படி ஆச்சு என்று கேட்டால், தன் கவனக்குறைவுதான் என்கிறானாம். துளசி அப்படித்தான் எழுதியிருக்குது, துளசி எழுதினா அது நெசமாத்தான் இருக்கும் என்கிறானாம். லாரிக்காரன் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். துளசிமணி உட்கார்ந்திருந்த பெஞ்சு நடுவில் முறிந்தது.

அந்த வாரக் கடைசியில் முதலாளி வந்தார். அவர் மேனேஜர் அறைக்குள் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுக் காரில் ஏறிப் போனார், கதவு சாத்தியிருந்தது, சத்தம் மட்டும் வாசல் வரைக்கும் கேட்டது, ஒரே ஆளின் சத்தம். எல்லோரும் போன பிறகு சுகுமாரன் வந்தார். என்னைப் பார்க்காமல் மிஷினில் ஏறினார். எண்பத்து நான்கு. என் வேலையை நான் செய்தேன், தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தேன்.

"ஆர்டர் லேட்டானா என்னையத் தூக்கிருவாங்க ரங்கண்ணா" என்றார் கடைசியில். "எனக்கு மட்டும் பயம் இல்லேன்னா நெனைக்கறீங்க?"

எண்பத்து மூன்றரைக்கு இறங்கியது. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, முள்ளும் இறங்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் அந்த மூன்றரைக் கிலோவையும் துளசிமணி மேல்தான் இறக்கினார். அடுத்த ஒன்றாம் தேதி முதலாளி மறுபடி வருகிறார், புது அட்டை எழுத வேண்டும், பத்துப் பதினோரு கிலோ வித்தியாசத்தை அவரிடம் எப்படிச் சொல்வது, செம்பு எங்கே போகிறதோ எப்படிப் போகிறதோ தனக்குத் தெரியாது, முப்பதாம் தேதி சாயங்காலத்துக்குள் அவள் நாற்பத்தொன்பதுக்கு வர வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். எல்லோர் முன்னாலும் சொன்னார். திருடி என்ற சொல்லை மட்டும் அவர் சொல்லவில்லை, அதுதான் எல்லோருக்கும் கேட்டது.

முப்பதாம் தேதி சங்கு ஊதியபோது யாரும் வரிசையில் நிற்கவில்லை, வட்டமாக நின்றார்கள். துளசிமணி முற்றத்தைக் கடந்து வருவதற்கே வெகுநேரம் ஆயிற்று, ஒவ்வொரு அடியையும் மண்ணிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி வைத்து வந்தாள். செருப்பைக் கழற்றினாள். குனிந்து ஜோடி சேர்த்தாள். ஏறினாள். அறுபது. சுகுமாரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் எப்போதும்போல் தலையைக் குனியவில்லை. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது கடைசித் தடவையாக இருக்கலாம் என்பதால்.

"பிரஸ் மிஷின்ல கூண்டு இல்லீங்" என்றாள். அவள் என்னிடம் சொல்லவில்லை, மேனேஜரிடமும் சொல்லவில்லை, எதிரே காலியாகக் கிடந்த ரோட்டைப் பார்த்துச் சொன்னாள். "கை உள்ள போகாம இருக்க மாட்டுற கூண்டு. வேலை வேகமா ஆகோணும்னு பத்து நாளைக்கு முன்னாலயே கழட்டிட்டாங்க. டூல் ரேக்குக்குக் கீழ கெடந்துச்சு. நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் அவரோட கவனக்குறைவுன்னு எழுதுனேன். எழுதச் சொன்னதை எழுதுனேன். எனக்குப் பயமா இருந்துச்சுங்."

முள் இறங்கியது, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு, ஐம்பத்தைந்து. அங்கே நின்றுவிட்டது.

"மீதி?" என்றாள் பாப்பாத்தி அக்கா, தாங்கமாட்டாமல்.

"மீதி இங்க எறங்காதுங்கக்கா" என்றாள் துளசிமணி. செருப்பை மாட்டிக்கொண்டாள். என் பக்கம் திரும்பி, "வரட்டுங்களாண்ணா" என்றாள். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம், அங்கேதான் இடம் இருந்தது. "பார்த்துப் போ அம்மிணி" என்றேன். புடவைக்கு மேல் போட்டிருந்த கம்பெனிக் கோட்டைக்கூடக் கழற்றாமல், தாராபுரம் பஸ் பிடிக்க நடந்து போனாள்.

சுகுமாரன் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். அப்புறம் உள்ளே போனார். திரும்பி வரும்போது அந்த இரும்புக் கூண்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்தார், வெள்ளைச் சட்டை முழுக்க கிரீஸ். பிரஸ் மிஷினில் அதை அவரே மாட்டினார். ஸ்பானர் பிடிக்கத் தெரியவில்லை, யாரும் சிரிக்கவில்லை, ஒருவன் போய்ப் பிடித்துக்கொண்டான். அன்றைக்கே விபத்துப் பதிவேட்டில் துளசிமணியின் வரிகளை அடித்துவிட்டு, கீழே தன் கையால் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்று மாதத்தில் அவர் வேலை போயிற்று. போகிற அன்றைக்கு எழுபத்தாறு கிலோ இருந்தார்.

மீதிக் கதை அந்தப் பஸ்ஸின் கண்டக்டர் சொன்னது. அவரும் பொய் சொல்லாதவர். அந்த அம்மா உட்கார்ந்த பக்கம் வண்டி சாய்ந்தே ஓடியதாம், மேட்டில் முதல் கியரைவிட்டு ஏறவேயில்லையாம். இரவு பஸ் இல்லாத ஊர் என்பதால் தாராபுரத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, காலையில் அவருடைய முதல் வண்டியிலேயே ஏறி அந்தக் கிராமத்து நிறுத்தத்தில் இறங்கினாளாம். பால் கேன் ஏற்ற வண்டி நின்ற ஐந்து நிமிஷத்தில் அவர் பார்த்தது இவ்வளவுதான்: ரோட்டோரம் ஒரு ஆள் துண்டுக்குள் கையை வைத்துக்கொண்டு நின்றான், இவள் அவன் முன்னால் போய் நின்று ஏதோ நாலு வார்த்தை சொன்னாள். அவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டான். கையை வெளியே எடுத்து, வெயிலில், முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான், இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி. அவளும் அதைப் பார்த்தாள். வண்டி கிளம்பிவிட்டது.

ஒரு மாதம் கழித்து துளசிமணி கணக்கு முடிக்க வந்தாள், கழுத்தில் புது மஞ்சள் கயிறு. நாச்சிமுத்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் இடது கையால் கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றான், எனக்கு வலது கையால் கும்பிடு போட்டான். அவள் யாரும் சொல்லாமலே மிஷினில் ஏறினாள். நாற்பத்தொன்பது.

"எறங்கிருச்சு பார்த்தீங்களாண்ணா" என்று சிரித்தாள். இறங்கி நின்று, என்னையும் மிஷினையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒரு நாளைக்காச்சும் நீங்க ஏறிப் பாருங்கண்ணா. எத்தனை இருக்கீங்கன்னு நாங்களும் தெரிஞ்சுக்கறோம்."

"வாட்ச்மேனுக்கு அட்டை இல்லை அம்மிணி" என்றேன்.

அவர்கள் இரண்டு பேரும் ரோட்டு வளைவில் திரும்பி, அவள் புடவை முந்தானை கடைசியாகத் தெரிந்து மறைந்த பிறகு ஏறிப் பார்த்தேன். என் உடம்புக்கு அறுபத்திரண்டுதான் இருக்க வேண்டும். எழுபத்தொன்று காட்டியது. ஒன்பது கிலோ. ஒரே ஒரு வார்த்தை, அதிலும் சின்ன வார்த்தை.

கம்பெனி போய்விட்டது, மிஷினைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள், எனக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. திருவிழாவில் காசு போட்டால் சீட்டு வருகிற எடை மிஷினில் வருஷா வருஷம் ஏறிப் பார்க்கிறேன். உடம்பு வற்றிவிட்டது, ஆனாலும் அந்த ஒன்பது அப்படியே இருக்கிறது. உங்களிடம்கூட அந்த வார்த்தையைச் சொல்லவில்லை, கவனித்தீர்களா?

அதனால் ஒரு உபகாரம். இந்தக் கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், எந்தக் கம்பெனி வாசலில் வேண்டுமானாலும் நின்று சொல்லுங்கள், ஆனால் சொன்னது நான்தான் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அந்த மிஷினில் கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று கடைசி நாள்வரைக்கும் இருந்தவன் நான். அதுமட்டுமில்லை, தாராபுரம் பக்கம் அவள் காதில் விழுந்துவிட்டால், "அது எனக்கு அப்பவே தெரியுமுங்கண்ணா" என்று சொல்லிவிடுவாள், சொல்லக்கூடியவள்தான், இந்த ஒன்பது கிலோவும் அந்த நிமிஷமே இறங்கிப்போகும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக இங்கே வீசுகிற காற்றின் வேகம் உங்களுக்குத் தெரியாது. இந்த வற்றிய உடம்பை அது அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடும். போனால் எந்தத் திசையில் கொண்டுபோய்ப் போடும் என்றும் எனக்குத் தெரியும். கிழக்கே, நேராக, தாராபுரம்.